இறுகக் கட்டிய பின்னல்

கிடங்கில் அவரைக் கயிற்றுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியில் சரக்கை ஏற்றுவது மற்றவர்கள் வேலை. ஏற்றிய சரக்கின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, கயிறு போட்டுக் கட்டுவது அவர் வேலை. இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று தோன்றும். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும். "அவர் கட்டின லோடுன்னா கண்ணாடியில பின்னாடி பாக்கவே வேண்டாம்" என்பார்கள் ஓட்டுநர்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் காதில் விழாத மாதிரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பார். ஒரு எழுத்து விடாமல் விழுந்திருக்கும்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. பெட்டிகளின் மூலையில் கயிறு படுகிற இடத்திலெல்லாம் ஒரு சாக்குத் துண்டை மடித்து வைப்பார். இல்லாவிட்டால் கயிறு மூலையைத் தின்றுவிடும். இன்னொன்று, எல்லாம் கட்டி முடித்த பிறகு ஒரு காலைச் சக்கரத்தில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, கடைசியாக ஒரு தடவை இழுப்பார். அந்த ஒரு இழுப்பில்தான் லோடு அசையாமல் உட்காரும் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்ட கையில் போய் ஒரு சின்னப் பெண்ணின் தலை சிக்கியது.

அவர் மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. புதிதாக அதிகாலை ஷிப்டு போட்டுவிட்டார்கள். மகள் எழுந்திருக்கும்போது அம்மா மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். சாப்பாடு செய்து வைத்துவிட்டுப் போகலாம், சீருடையைத் தேய்த்து மாட்டிவிட்டுப் போகலாம், தலையை எப்படிப் பின்னி வைத்துவிட்டுப் போவது? இடுப்பு வரைக்கும் முடி அந்தப் பெண்ணுக்கு. அம்மா பார்த்துப் பார்த்து வளர்த்தது.

"நீங்கதான் பாத்துக்கணும். சும்மா மூணு பிரிவாப் பிரிச்சுப் பின்னுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் மனைவி.

முதல் சில நாட்கள் கண்றாவி. மகள் பள்ளிக்கூட வாசலை எட்டுவதற்குள் பின்னல் பாதி அவிழ்ந்து, மீதி அவிழலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் டீச்சரே மறுபடி பின்னி அனுப்பினார். டீச்சர் பின்னிய தலையோடு மகள் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்ததும் கயிற்றுக்காரருக்குச் சுருக்கென்றது. தான் கட்டியது அவிழ்ந்தது, அதை இன்னொரு ஆள் கட்டி அனுப்பியிருக்கிறார். கிடங்கில் இப்படி நடந்திருந்தால் வெளியே தலை காட்ட முடியாது.

அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது, இதுவும் மூன்று புரிக் கயிறுதானே என்று. மறுநாள் காலையில் சமையலறை ஜன்னலுக்கு எதிரே குட்டி ஸ்டூலைப் போட்டு மகளை உட்கார வைத்தார். பின்னால் நாற்காலியில் தான் உட்கார்ந்தார். பிசிறு நிற்காமல் இருக்கத் தண்ணீர் தொட்டுப் படிய வாரினார். நெற்றிப் பொட்டிலிருந்தே இழுத்துப் பிடித்து, புரிக்குப் புரி முறுக்கேற்றிப் பின்னினார். கடைசியில், பழக்க தோஷம், மூச்சைப் பிடித்து ஒரு இழுப்பு. ரப்பர் பேண்டைப் போட்டு முடித்து அவளைத் தன் பக்கம் திருப்பினார்.

இழுத்த இழுப்பில் அவள் புருவம் இரண்டும் மேலே ஏறி, கண் ஓரம் சாய்ந்து நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, பூனை மாதிரி இருக்கியே" என்றார்.

அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் பூனை.

பின்னல் சாயங்காலம் வரை குலையவில்லை. தொடர் ஓட்டத்தில் ஓடி, விழுந்து, எழுந்து வந்தாள். ஒரு முடி பிசகவில்லை. பக்கத்து வீட்டு அம்மாக்கள் வாசலில் நிறுத்தி, "யாரு பின்னி விட்டது, அம்மாவா?" என்று கேட்க, "அப்பா" என்று அவள் சொல்ல, அவர்கள் மூக்கில் விரலை வைக்க, இது எல்லாம் அவர் காதுக்கும் வந்து சேர்ந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கிடங்கில் தேநீர் நேரத்தில் லோடு கட்டுவதைப் பற்றிப் பேசியவர், இப்போது பின்னல் போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

காலையில் அந்த ஸ்டூலும் நாற்காலியும் அவருக்குப் பிடித்துப்போயின. நாள் முழுக்க வேலை, வந்தால் அலுப்பு, சாப்பிட்டதும் தூக்கம் என்று இருந்த மனிதர், நேற்று எந்த வண்டி எந்த ஊருக்குப் போனது, எந்த ஓட்டுநர் எதற்கு ஏச்சு வாங்கினார் என்று மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே பின்னினார். அவள் அதிகம் பேச மாட்டாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

சில சமயம் கேட்பார்: "வலிக்குதா கண்ணு?"

"இல்லப்பா."

கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. அதற்கு மேல் அவர் ஏன் யோசிக்கப் போகிறார்?

ஒரு விடுமுறை நாளில் மனைவி மகளைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று துண்டை நிறுத்திவிட்டு மகளின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"என்னங்க, இங்க வாங்க. இவ நெத்தி இவ்வளவு பெருசாவா இருந்துச்சு?"

பார்த்தார். நெற்றிப் பொட்டு இரண்டு பக்கமும் முடி பின்வாங்கியிருந்தது. காதுக்கு மேலே தோல் தெரிந்தது. அங்கங்கே குட்டை குட்டையாக, நூல் பிசிறு போலச் சில முடிகள்.

"அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்றாள் மனைவி, பாதி விளையாட்டாக.

அவர் சிரிக்கவில்லை. கயிற்றுக்காரருக்கு மீசை அரும்பும்போதே தலை வழுக்க ஆரம்பித்துவிட்டது. கல்யாணப் புகைப்படத்திலேயே நெற்றி எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். அதை வைத்து ஊரே கேலி செய்தும் அவர் கவலைப்பட்டதில்லை. ஆண் பிள்ளைக்கு என்ன, ஒரு தொப்பி போட்டால் போயிற்று. ஆனால் அது மகள் தலைக்குப் போய்விட்டது என்றதும் அவரால் தாங்க முடியவில்லை. சொத்து சுகம் எதுவும் சேர்த்து வைக்கவில்லை, வழுக்கையை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். குளியலறைக் கண்ணாடியில் தன் தலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கிடங்கில் மெல்ல விஷயத்தைச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். அதிலும் தலையில் சீப்புக்கு வேலையே இல்லாத மூன்று பேர்தான் அடித்துப் பேசினார்கள். வெங்காயச் சாறு தடவு என்றார் ஒருவர். எண்ணெயைக் காய்ச்சிச் சுடச்சுடத் தேய் என்றார் இன்னொருவர். "ரத்தம் ஓடணும்யா. தலை சிவக்கச் சிவக்கத் தேய்க்கணும். அப்பதான் வேர் முழிச்சுக்கும்" என்றார் மூன்றாமவர். அவர் வேர் எப்போது முழித்துக்கொள்ளும் என்று யாரும் கேட்கவில்லை.

கயிற்றுக்காரர் எல்லாவற்றையும் செய்தார். தினமும் எண்ணெயைச் சூடு பண்ணி, கயிறு பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையால் மகளின் மண்டையை அழுத்தித் தேய்த்தார். சொரசொரப்பான பிரஷ் ஒன்றை வாங்கி வந்து, பொட்டில் முடி உதிர்ந்த இடத்தை வறட் வறட்டென்று உரசினார். தலை சிவந்தது. சிவந்ததைப் பார்த்து அவருக்குத் திருப்தி. அதோடு விட்டாரா? இருக்கிற முடியையாவது காப்பாற்ற வேண்டும் என்று பின்னலை முன்பைவிட இறுக்கினார். தளர்வாகக் கிடந்தால்தானே உதிரும்? கட்டிய சரக்கு விழாது. இது அவர் தொழில் சொன்ன புத்தி. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவரைக் கைவிடாத புத்தி.

தலை மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. காதுக்கு மேலே பொரிபொரியாகக் கொப்புளங்கள் வந்தன. மனைவி அரைநாள் லீவு போட்டு, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா நிதானமானவர். மகளை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைத் தலைக்குப் பக்கத்தில் இழுத்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பின்னலின் அடியில், பிடரிக்கும் முடிக்கும் நடுவே தன் சுண்டு விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"யார் பின்னி விடறீங்க?"

"நான்தாங்க" என்றார் கயிற்றுக்காரர். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் கூசும்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பின்னலை மெதுவாக அவிழ்த்தார். அவிழ்த்ததும் அந்தப் பெண்ணின் புருவம் கீழே இறங்கியது. கண் வட்டமாயிற்று. மகளின் கண் வட்டமானது என்பதையே அவர் மறந்திருந்தார்.

"இறுக்கி இழுத்துக் கட்டறதுனால வர்றதுங்க இது. தினமும் ஒரே இடத்துல இழுபட்டா வேர் சோர்ந்து போயிடும். ஈரத்தோட பின்னினா, காயும்போது இன்னும் இறுகும். அதுக்கு மேல போட்டுத் தேய்ச்சிருக்கீங்க. தோல் புண்ணாயிருக்கு."

"இல்லைங்க டாக்டர்" என்றார் அவர் அவசரமாக. "இது பரம்பரைங்க. என் தலையைப் பாருங்களேன்."

"உங்க தலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்கு நிம்மதியாக இருந்தது. என்னிடமிருந்து வரவில்லை என்று மனசு துள்ளியது. அடுத்த நொடி டாக்டரம்மா சொன்னதன் மிச்சம் உள்ளே இறங்கியது. முகத்தில் ஈயாடவில்லை. பரம்பரை என்றால் அவர் என்ன செய்வார்? இது அவர் கை.

டாக்டரம்மா மகள் பக்கம் குனிந்தார். "உனக்கு வலிக்கலையாடா?"

அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். "கொஞ்சம்."

"தலைவலி வருமா?"

"மத்தியானம் வரும். ரப்பரைக் கழட்டினா போயிடும். ஆனா கழட்ட மாட்டேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சுவரில் மாட்டியிருந்த தோல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடி வருமா என்று மனைவிதான் கேட்டாள். நெற்றிப் பக்கம் வந்துவிடும், பொறுமை வேண்டும் என்றார் டாக்டரம்மா. காதுக்கு மேலே அந்த ஒரு இடத்தில் மட்டும் தோல் பளபளப்பாக இருக்கிறது, அங்கே வரலாம், வராமலும் போகலாம், இப்போது சொல்ல முடியாது. புண்ணுக்குத் தடவ மருந்து எழுதிக் கொடுத்தார். சூட்டு எண்ணெய், சாறு, பிரஷ் எதுவும் கூடாது. மென்மையான ஷாம்பு போட்டு, நகம் படாமல் விரல் நுனியால் அலசினால் போதும். முடியைத் தளர்வாக விடணும், கட்டினால் அடியில் ஒரு விரல் தாராளமாகப் போகணும்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பாரம் குறைந்திருக்கும். "நானும்தான் கவனிக்காம இருந்துட்டேன்" என்று அவள் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். அது இன்னும் சுட்டது.

மறுநாளிலிருந்து அவர் மகளின் தலையைத் தொடுவதில்லை. "நீயே வாரிக்கம்மா. டாக்டர் சொன்னாங்கல்ல, லூசா விட்டுரு" என்று சொல்லிவிட்டு, ஷூவுக்குப் பாலீஷ் போடுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். ஸ்டூல் மேஜைக்கு அடியில் போய்விட்டது. பூனை என்ற பெயரும் அவர் வாயில் வரவில்லை. அந்தப் பெயர் எங்கே பிறந்தது என்று அவருக்கு இப்போது தெரியும். பிள்ளை முகத்தில் வலி எழுதி ஒட்டியிருந்திருக்கிறது, அதைப் பார்த்துச் சிரித்து, அதற்கு ஒரு செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்.

கிடங்கிலும் கை ஓடவில்லை. ஒரு நாள், வாசலைத் தாண்டப் போன ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். கயிற்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது.

"என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா? கயிறு தொளதொளன்னு கிடக்கு. இத நம்பி மலையேறவா?"

கயிற்றுக்காரர் முழுசாக அவிழ்த்து மறுபடி கட்டினார். மூலைக்கு மூலை சாக்கை மடித்து வைத்துக்கொண்டே வந்தவர், கடைசி மூலையில் சாக்கோடு அப்படியே நின்றுவிட்டார். உள்ளே பிளாஸ்டிக் வாளிகள். வெறும் வாளி. அதன் அட்டைப் பெட்டி நசுங்கிவிடக் கூடாது என்று இத்தனை வருஷமாகத் தவறாமல் சாக்கு வைத்த கை. பெற்ற பிள்ளையின் நெற்றிப் பொட்டையும் கயிறு தின்னும் என்று இந்தக் கைக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே. லாரியின் மறுபக்கம் போய், யாரும் பார்க்காத இடத்தில் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை. வழக்கம்போல ஷூவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பியவர், சமையலறையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினார். மகள் ஸ்டூலை ஜன்னலுக்கு எதிரே, பழைய இடத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நீயே கட்டிக்கம்மா" என்றார்.

அவள் திரும்பவில்லை. "டாக்டர்கிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"என்னது?"

"வலிக்குதுன்னு. அதுக்குத்தானே கோவமா இருக்கீங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷூவைக் கீழே வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உன் மேல எனக்கு என்னம்மா கோவம்? என் மேலதான். நான் பண்ணின காரியத்துக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் தலையத் தொடறதுன்னு..." பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எப்பலேருந்து வலிச்சுது?"

"மொதல்லேருந்தே."

"கேட்டேனே. ஒவ்வொரு தடவையும் இல்லன்னியே."

அவள் சீப்பின் பல்லை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். "வலிக்குதுன்னு சொன்னா அப்புறம் நீங்க பின்ன மாட்டீங்க. லாரிக் கதையும் சொல்ல மாட்டீங்க." சீப்பைத் தட்டுவதை நிறுத்தி, "இப்ப அப்படித்தானே ஆச்சு" என்றாள்.

அவர் இழுத்த ஒவ்வொரு இழுப்பின் வலியையும் இந்தப் பிள்ளை விலையாகக் கொடுத்து, காலையில் அப்பாவோடு கொஞ்ச நேரத்தை வாங்கியிருக்கிறது. அவரோ பின்னல் குலையவில்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. மகளிடம் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டுப் பழக்கமும் இல்லை.

"அப்பா தப்புப் பண்ணிட்டேன்டா" என்றார் கடைசியில்.

அவள் சீப்பைத் தோளுக்கு மேலே நீட்டினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு சீப்பை வாங்கினார். நுனியிலிருந்து மெதுவாகச் சிக்கெடுத்தார். காதுக்கு மேலே அந்தப் பளபளப்பான இடம் வெறுமையாகத்தான் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனார். முடியை மூன்றாகப் பிரித்து, புரிகளைச் சும்மா ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து வைக்கிற மாதிரி பின்னினார். ஒவ்வொரு புரிக்கும் விரலை விட்டுப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

முன்பும் இதே "இல்லப்பா"தான். இப்போது அதை நம்புவதற்கு அவருக்குத் தைரியம் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. புருவம் ஏறுகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே பின்னினார். ஒரு கதையும் சொல்ல ஓடவில்லை. கடைசியில் அவளே, "லாரிக் கதை என்னாச்சு?" என்று எடுத்துக் கொடுத்தாள். ஆடிய கயிற்றைப் பற்றியும் ஓட்டுநர் கேட்டதைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே ரப்பர் பேண்டைக் கையில் எடுத்தார்.

"வலிக்குது" என்றாள் அவள்.

இரண்டு கையையும் நெருப்பைத் தொட்டவர் போல எடுத்துவிட்டார். பின்னலின் நுனி பிரிந்து தொங்கியது. "எங்கம்மா? எந்த இடம்? சொல்லு."

அவள் கண்ணாடியில் அவரையே பார்த்தாள். "வலிக்கல. சும்மா சொன்னேன். சொன்னா நிறுத்துவீங்களான்னு பாத்தேன்."

அவருக்குச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. இப்படிப் பரிசோதித்துப் பார்த்துத்தான் அப்பாவை நம்ப வேண்டும் என்ற நிலைக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோமே என்பதுதான் மேலோங்கி நின்றது.

"நிறுத்துவேன்" என்றார். "எப்ப சொன்னாலும் நிறுத்துவேன். சும்மா சொன்னாலும் சரி. நிறுத்திட்டு, இங்கேயேதான் உக்காந்திருப்பேன்."

அவள் தலையாட்டினாள். ரப்பர் பேண்டைப் பட்டும் படாமலும் போட்டுவிட்டார். கடைசி இழுப்புக்கு விரல் தானாக மடங்கியது. அதை விரித்து நாற்காலிக் கையில் வைத்துக்கொண்டார்.

பையை மாட்டிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். வாசலில் நின்று பார்த்தார். தோழி ஒருத்தி முன்னால் போவதைக் கண்டு ஓட ஆரம்பித்தாள். தெருமுனைக்குப் போவதற்கு முன்பே ரப்பர் பேண்ட் நழுவி எங்கோ விழுந்தது. பின்னல் கீழிருந்து புரி புரியாகக் கழன்று, காற்றில் முடி ஒரு பக்கமாக விலகியது. காதுக்கு மேலே அந்த வெற்றிடம் அத்தனை தூரத்திலும் தெரிந்தது. அவருக்கு மட்டும்தான் தெரிந்ததோ என்னவோ. கூப்பிட்டு நிறுத்திச் சரிசெய்யக் கை பரபரத்தது. இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.